பால்கனி டிஷ்ஷும் ஒன்பதாவது மாடிப் பாட்டியும்

ஓம் முருகா.

வழக்கமா இந்தப் பக்கத்துல நான் எழுதுறது அன்னதானத்துக்கு ஆள் தேவை, பால்குடத்துக்குப் பேர் பதிவு, வெள்ளிக்கிழமை உபயம் யாரோடது, இந்த மாதிரிதான். இன்னைக்கு எழுதப் போறது கோயில் விஷயம் மாதிரி தெரியாது. கொண்டோவில் குடியிருக்கிறவங்க பால்கனியில் டிஷ் மாட்ட நிர்வாகம் விடணுமா, விடக் கூடாதா? அதுதான் விஷயம். படிச்சு முடிக்கும்போது இது ஏன் கோயில் பக்கத்துல வருதுன்னு உங்களுக்கே புரியும். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

நான் இருக்கிறது கிள்ளான் பள்ளத்தாக்குல ஒரு 17 மாடிக் கட்டடம். பேருக்குத்தான் கொண்டோ. நீச்சல் குளத்துல பாதி நாள் தண்ணி இருக்காது. அங்கே ஜேஎம்பி நிர்வாகக் குழுவுல நானும் ஒரு ஆள். கோயில்ல தொண்டு செய்றவன்தானே, இங்கேயும் செய்யட்டும்னு கையைத் தூக்கி உட்கார வச்சிட்டாங்க.

ஒரு வருஷக் கடைசியில வெளிச்சுவருக்குப் புதுசா சாயம் அடிக்க முடிவு பண்ணினோம். குத்தகையாளர் வந்து அண்ணாந்து பார்த்துட்டுச் சொன்ன முதல் வார்த்தை, "இந்த டிஷ் எல்லாத்தையும் கழட்டினாத்தான் வேலையை ஆரம்பிப்பேன்." எண்ணிப் பார்த்தோம். 43 இருந்துச்சு. குழுக் கூட்டத்துல இதைப் பத்தி பத்து நிமிஷம்கூட பேசலை. 14 நாளுக்குள்ள கழட்டணும், இல்லேன்னா நிர்வாகமே கழட்டும், இனிமேல் யாருக்கும் மாட்ட அனுமதி கிடையாது. நோட்டீஸ் தயார். அதுல கையெழுத்துப் போட்ட மூணு பேர்ல நானும் ஒருத்தன்.

அன்னைக்கு நான் செஞ்சது சரின்னுதான் நினைச்சேன். இன்னைக்கும் அதுல பாதி சரின்னுதான் சொல்வேன். ஏன்னு சொல்றேன்.

உயரத்துல தொங்குற எந்தச் சாமானும் ஆபத்துதான். 2018 ஜனவரியில் பந்தாய் டாலாம் அடுக்குமாடியில் மேலேயிருந்து வந்து விழுந்த நாற்காலி, அம்மாவோட கடைக்குப் போயிட்டு வந்த 15 வயசுப் பையன் உயிரை எடுத்துச்சு. நம்ம வீட்டுப் பிள்ளை. அந்தச் செய்தியை மறந்த தமிழன் இந்த நாட்டுல இருக்க முடியாது. அது யாரோ தூக்கிப் போட்டது. டிஷ்ஷை யாரும் தூக்கிப் போட வேண்டாம். பத்து வருஷம் மழையிலயும் வெயிலிலயும் கிடந்த போல்ட்டு துருப்பிடிச்சா, ஒரு பெருங்காத்து போதும். எங்க கட்டடத்துல டிஷ் வரிசைக்கு நேர் கீழேதான் பிள்ளைங்க ஊஞ்சல் இருக்கு.

அதோட, சுவர்ல போட்ட ஓட்டை வழியா தண்ணி இறங்கும். மேல் வீட்டுக்காரர் போட்ட ஓட்டை, கீழ் வீட்டுக்காரர் சுவர்ல பூஞ்சை. வெளிச்சுவர் தனி ஆளோட சொத்து இல்லை, எல்லாருக்கும் பொது. இன்னொண்ணு, அந்த 43ல 17 செத்துப் போன டிஷ். வாடகைக்கு இருந்தவங்க மாட்டினது. வீட்டைக் காலி பண்ணிப் போகும்போது டிவியை எடுத்துட்டுப் போனாங்க, டிஷ்ஷை விட்டுட்டுப் போயிட்டாங்க.

ஆக, கழட்டச் சொன்னதுல தப்பில்லை. அதோட கதை முடிஞ்சுதுன்னு நினைச்சேன் பாருங்க, தப்பு அங்கேதான்.

தைப்பூசம் வந்துச்சு. நான் மூணு நாள் பத்துமலையில தண்ணீர்ப் பந்தல்ல இருந்தேன். திரும்பி வந்ததும் வழக்கம்போல ஒன்பதாவது மாடிப் பாட்டிக்கு விபூதியும் பிரசாதமும் எடுத்துட்டுப் போனேன். பாட்டியை உங்கள்ல பல பேருக்குத் தெரியும். நம்ம கோயில்ல வருஷக்கணக்கா மாலை கட்டினவங்க. மல்லிகைச் சரத்துக்கு நடுவுல மரிக்கொழுந்து வைக்கிற அந்தக் கை. ஒரு காலத்துல பால்குடம் தூக்கி 272 படி ஏறினவங்க. குளியலறையில வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சதுல இருந்து வீட்டை விட்டு இறங்குறதில்லை. மகன் ஜொகூர்ல வேலை. மாசத்துக்கு ஒரு தடவை வந்து பார்ப்பார்.

உள்ளே போனதும் நான் கேட்ட கேள்வி, "என்ன பாட்டி, டிவியில பார்த்தீங்களா? வெள்ளி ரதம் எப்படி?"

"இந்த வருஷம் பார்க்கலை தம்பி. அந்த வட்டத்தைக் கழட்டிட்டாங்க இல்ல."

டிவி மேல ஒரு துண்டு போட்டு மூடி இருந்துச்சு. துண்டு மேல முருகன் படம்.

எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. தேர் ஜாலான் துன் எச்.எஸ். லீ மாரியம்மன் கோயில்ல இருந்து கிளம்புறதுல தொடங்கி, விழா முடியுற வரைக்கும் டிவி முன்னாலேயே உட்கார்ந்து, இடையில விரதச் சாப்பாடு சாப்பிடுறவங்க. அதுதான் அவங்களுக்கு இப்போ பத்துமலை. அதை அடைச்சது என் கையெழுத்து.

மறைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். "பாட்டி, அந்த நோட்டீஸ்ல கையெழுத்துப் போட்டது நானும்தான்."

கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம், "கீழே புள்ளைங்க விளையாடுது. அது தலைக்கு மேல ஒண்ணைத் தொங்க விட்டது தப்புதான்பா. ஆனா கழட்டுறதுக்கு முன்னால, இதுல நீ என்ன பார்க்கிற கிழவின்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" அப்படின்னாங்க.

அவ்வளவுதான். அதுக்கப்புறம் பிரசாதத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாங்க.

இப்போ சிலர் கேட்பீங்க. இந்தக் காலத்துல எதுக்கு டிஷ்? ஆஸ்ட்ரோவே இணையம் வழியா வருது, வைஃபை இருந்தா போதும், கோயில் பூஜைகூட கைப்பேசியில நேரலை வருதேன்னு. உண்மைதான். எங்க வீட்டுல அப்படித்தான். ஆனா பாட்டி வீட்டுல இணைய இணைப்பு இல்லை. அவங்க வச்சிருந்தது மாசக் கட்டணம் இல்லாத என்ஜோய் பெட்டி, 2012ல் வந்த திட்டம் அது. மகன் ஒரு தடவை காசு கட்டி மாட்டிக் கொடுத்தார், அப்புறம் பில் கிடையாது. இணையம் போட்டா மாசாமாசம் செலவு. அதோட, 200 வரிசையில ஒரு நம்பரை அழுத்தினா தமிழ் வரும்னு பழகின விரலுக்கு, கைப்பேசியில தேடி எடுன்னு சொல்றது சுலபமில்லை.

நம்ம பெரியவங்களுக்கு அந்தத் தட்டு சாதாரணத் தட்டு இல்லை. 1996ல மியாசாட் மேலே போய், ஆஸ்ட்ரோ வந்து, வீட்டுக்கு வீடு சின்ன டிஷ் வந்த காலத்தை நினைச்சுப் பாருங்க. அதுக்கு முன்ன டிவியில தமிழ்னா செய்தி, எப்பவாவது ஒரு படம். மத்ததுக்கு வீடியோ கடை. காலையில எழுந்ததும் வீட்டுக்குள்ள தமிழ்ப் பக்திப் பாட்டு கேக்குறது அவங்க வாழ்க்கையில பாதிக்கு மேல போன பிறகு கிடைச்ச விஷயம். தனியா இருக்கிற வீட்டுல அது ஒரு ஆள் துணை.

அப்போ எல்லாரும் இஷ்டப்படி மாட்டிக்கோங்கன்னு விட்டுடலாமா? அதுவும் நியாயம் ஆகாது. இதை நானே கூரைக்கு ஏறி, டிஷ் மாட்டுற ஒரு தம்பிகிட்ட கேட்டுத்தான் புரிஞ்சுக்கிட்டேன்.

அந்தச் செயற்கைக்கோள் நிற்கிறது பூமத்திய ரேகைக்கு மேலே, கிழக்கு 91.5 பாகையில, இந்தியப் பெருங்கடல் பக்கம். கோலாலம்பூர் இருக்கிறது 101க்கும் 102க்கும் நடுவுல. அதனால இங்கேயிருந்து பார்த்தா அது கிட்டத்தட்ட நம்ம உச்சந்தலைக்கு மேலே, கொஞ்சம் மேற்கே சாய்ஞ்சு இருக்கு. டிஷ்ஷை பால்கனிக்குள்ள தள்ளி வச்சா மேல் மாடித் தளம் மறைச்சிடும். அதனாலதான் எல்லாரும் கம்பிக்கு வெளியே தொங்க விடுறாங்க. யாரும் திமிருக்கு வெளியே மாட்டலை. வேற வழியில்லாம மாட்டினாங்க.

கிழக்குப் பார்த்த வீடு? அவங்களுக்கு முழுக் கட்டடமே குறுக்கே நிற்கும். எங்கே மாட்டினாலும் படம் வராது. சாமிக்குக் கிழக்கு விசேஷம், டிஷ்ஷுக்கு மேற்கு விசேஷம்! "அனுமதி உண்டு"ன்னு நிர்வாகம் ஒரு வரி எழுதினா, மேற்குப் பக்கத்துக்காரருக்கு மட்டும்தான் அது பயன்படும். கிழக்குப் பக்கத்துக்காரருக்கு அனுமதியும் ஒண்ணுதான், தடையும் ஒண்ணுதான்.

அப்போ என்னதான் வழி? விடை எனக்கு நம்ம கோயில்லதான் கிடைச்சுது.

பழைய பக்தர்களுக்கு ஞாபகம் இருக்கும். முன்ன நெய் விளக்கை அவங்கவங்க இஷ்டப்பட்ட இடத்துல ஏத்துவோம். தூண் ஓரம், நவக்கிரகத்தைச் சுத்தி, ராகு காலத்துல துர்க்கை சந்நிதிப் படியில எலுமிச்சை விளக்கு. தரை முழுக்க எண்ணெய். சுவர் கறுப்பு. ஒரு வெள்ளிக்கிழமை ஒரு அக்காவோட முந்தானையில தீ பிடிச்சு, பக்கத்துல இருந்தவங்க கையால அணைச்சாங்க. அடுத்த நாளே நிர்வாகம் பலகை வச்சுது. சந்நிதியில விளக்கு ஏத்தக் கூடாது.

ஒரு மாசம் சண்டை. தொண்டர்கள் எங்களை எத்தனை பேர் திட்டினாங்க! "சாமிக்கு விளக்குப் போட உன்கிட்ட அனுமதி வாங்கணுமா?" பலகைக்கு அடியிலேயே ஏத்திட்டுப் போனவங்களும் உண்டு. அப்புறம் ஒரு பெரியவர் வந்தார். பலகையைப் படிச்சார். "ஏத்தாதேன்னு எழுதியிருக்கீங்க. எங்கே ஏத்துறதுன்னு எழுதலையே தம்பி" அப்படின்னார்.

அடுத்த வாரம் வெளிப் பிரகாரத்துல மணல் பரப்பின இரும்பு விளக்கு மேடை வந்துச்சு. மேலே புகை போக வழி, பக்கத்துல தீயணைப்பான். சண்டை நின்னுச்சு. இன்னைக்கு யாரும் தூண் ஓரம் விளக்கு ஏத்துறதில்லை. தடை தப்பில்லை, ஆனா பாதிதான். மீதிப் பாதி அந்த மேடை.

டிஷ்ஷுக்கும் அதே மாதிரி மேடை இருக்கு. மொட்டை மாடியில ஒரே ஒரு பொது டிஷ். அங்கேயிருந்து கேபிள் இறங்கி, ஒவ்வொரு மாடியிலயும் சிக்னலைப் பிரிச்சு, எல்லா வீட்டுக்கும் போகும். கிழக்கு வீடு, மேற்கு வீடு பேதம் கிடையாது. பெட்டியும் சந்தாவும் அவங்கவங்க பொறுப்பு. வேண்டாதவங்க கேபிளைச் சொருகாம விட்டுடலாம். சுவர்ல ஓட்டை இல்லை. ஊஞ்சலுக்கு மேல எதுவும் தொங்காது. இடி மின்னல் அதிகமான நாடு நம்மளோடது. கூரையில வைக்கிற அந்த ஒரு டிஷ்ஷுக்கு ஒழுங்கா எர்த் போட்டு, இடிதாங்கியோட பாதுகாப்புக்குள்ள வைக்கணும். 43 டிஷ்ஷுக்கு இதை யார் பார்ப்பாங்க? ஒண்ணுக்குப் பார்க்கலாம். பெருமழை கொட்டும்போது படம் நின்னு போறதை மட்டும் யாராலயும் தடுக்க முடியாது, அது எல்லாருக்கும் சமம்!

அப்புறம் சட்டத்தையும் எடுத்துப் படிச்சேன். கையெழுத்துப் போடுறதுக்கு முன்ன படிச்சிருக்கணும். 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம், அதுக்கு கீழே 2015ல் வந்த விதிமுறைகள். அதுல பொதுவான துணைவிதிகள் இருக்கு. முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி வாங்காம வீட்டோட வெளித்தோற்றத்தை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. கவனிங்க. கேக்காம மாட்டினது தப்பு. அதே நேரத்துல, கேக்குறதுக்கு ஒரு வழி இருக்குன்னும் அந்த விதியே சொல்லுது. "இனிமேல் யாருக்கும் கிடையாது"ன்னு கட்டடம் முழுசுக்கும் புதுசா ஒரு துணைவிதி கொண்டு வரணும்னா பொதுக் கூட்டத்துல சிறப்புத் தீர்மானம் வேணும். அதுக்கு நாலுல மூணு பங்கு வாக்கு. நாங்க பத்து நிமிஷத்துல எழுதின வரி அது.

ஆண்டுப் பொதுக் கூட்டத்துல எழுந்து நின்னு முதல்ல மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் பொது டிஷ் யோசனையைச் சொன்னேன். மலாயிலதான் பேசினேன், நடுவுல கொஞ்சம் தடுமாறிட்டேன். ஒரு இளைஞர் எழுந்து, "எனக்கு டிவியே வேண்டாம். நான் ஏன் காசு கொடுக்கணும்?" அப்படின்னார். நியாயமான கேள்வி. பதில் சொன்னது நான் இல்லை. தரைத்தளத்துல இருக்கிற ஒரு சீன அங்கிள். "நான் லிப்ட்ல ஏறினதே இல்லை. இருபது வருஷமா லிப்ட்டுக்குக் காசு கட்டுறேன்" அப்படின்னார். கூட்டமே சிரிச்சிடுச்சு. அஞ்சாவது மாடி மலாய் அக்கா, படுத்த படுக்கையா இருக்கிற தன்னோட அம்மா குர்ஆன் ஓதுறதை டிவியிலதான் கேட்பாங்க, இப்போ அது இல்லைன்னு அழுதுட்டாங்க. நான் தமிழ்ப் பாட்டியை மட்டும் நினைச்சுக்கிட்டுப் போனேன். நோட்டீஸ் எல்லா வீட்டுலயும் ஒவ்வொரு விதமா விழுந்திருக்குன்னு அங்கேதான் தெரிஞ்சுது.

சிங்கிங் ஃபண்ட்ல இருந்து செலவு பண்ணலாம்னு தீர்மானம் ஓடிடுச்சு. ரொம்ப நெருக்கமான வாக்குதான். ஒரு விஷயம் உறுத்துச்சு. கூட்டத்துக்கு வந்த நம்ம ஆட்கள்ல நாலு பேருக்கு வாக்கே கிடையாது. பராமரிப்புக் கட்டணம் பாக்கி. வாடகைக்கு இருக்கிறவங்களுக்கும் வாக்கு இல்லை, அவங்க வீட்டு உரிமையாளர்கிட்ட முன்கூட்டியே சொல்லி வைக்கணும். கோயில் கூட்டத்துல சந்தா பாக்கி இருந்தா வாக்கு இல்லைன்னு சொன்னா நமக்குத் தெரியும்தானே. அதே கதைதான் இங்கேயும்.

பொது டிஷ் வந்து சேர அஞ்சு மாசம் ஆச்சு. அந்தச் செத்த 17 டிஷ்ஷும் பழைய இரும்புக் கடைக்குப் போயிடுச்சு. சுவர் இப்போ பார்க்க நல்லா இருக்கு.

என் கருத்தைச் சுருக்கமா சொல்லிடுறேன். நிர்வாகம் தனித்தனி டிஷ்ஷை வேண்டாம்னு சொல்லலாம், சொல்லவும் வேணும். ஆனா அதுக்கு முன்னால பொதுவா ஒண்ணு வச்சுக் கொடுக்கணும். அது வர்ற வரைக்கும், ஆபத்தா தொங்குறதையும் செத்ததையும் மட்டும் கழட்டணும். ஒழுங்கா இறுக்கி, பாதுகாப்புக் கம்பி கட்டி, எழுத்துல அனுமதி வாங்கி வச்சிருக்கிற வயசானவங்களோட டிஷ்ஷை விட்டு வைக்கணும். சாயம் அடிக்கக் கழட்டினா, அந்த நாலு வாரத்துக்கு அவங்க வீட்டுல யாராவது ஒரு இணைய வழியைச் செஞ்சு கொடுக்கணும். கஷ்டமான வேலை இல்லை. கதவைத் தட்டிக் கேக்கணும், அவ்வளவுதான்.

பக்தர்களே, உங்ககிட்ட மூணு வேண்டுகோள். உங்க பால்கனியில ஓடாத டிஷ் இருந்தா இந்த வாரமே ஆளை வச்சுக் கழட்டிடுங்க, நிர்வாகம் சொல்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஆண்டுப் பொதுக் கூட்டத்துக்குக் கட்டணம் கட்டிட்டுப் போங்க, போய் உட்காருங்க, பேசுங்க. மூணாவது, கோயிலுக்கு வந்துக்கிட்டிருந்த பெரியவங்க யாராவது இப்போ வர்றதில்லைன்னா அவங்க வீட்டுக்கு ஒரு தடவை போய்ப் பாருங்க. டிவியில படம் வருதான்னும் பாருங்க.

பாட்டி இப்போ நல்லா இருக்காங்க. டிவி மேல இருந்த துண்டு இல்லை, முருகன் படம் பக்கத்துச் சுவருக்கு மாறிடுச்சு. போன வெள்ளிக்கிழமை நான் போனப்போ பக்திப் பாட்டு சத்தமா ஓடிக்கிட்டு இருந்துச்சு. "வா தம்பி, உன் டிஷ் நல்லா தெளிவா வருது" அப்படின்னாங்க. நான் சிரிச்சேன். ஆனா அந்த ஒரு வருஷத் தைப்பூசத்தை அவங்களுக்கு என்னால திருப்பிக் கொடுக்க முடியாது. அவங்க வயசுல இன்னும் எத்தனை தைப்பூசம்னு முருகனுக்குத்தான் தெரியும். அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதினேன்.

மாலை கட்டத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. பாட்டி சொல்லித் தர்றேன்னு சொல்லியிருக்காங்க, பூவை நாம அவங்க வீட்டுக்கே கொண்டு போகலாம். ஒன்பதாவது மாடி. லிப்ட் இப்போ ஓடுது.

முருகன் துணை.